வழியில் காணாமல் போன 1.3 வோல்ட்

சாயல்குடி தாண்டி, லாரி ஒன்றை முந்துவதற்காக பைக்கின் இண்டிகேட்டரைப் போட்டேன். வழக்கமாக டிக் டிக்கென்று அடிப்பது, அன்று ஒருமுறை எரிந்து, கொஞ்சம் யோசித்து, மெதுவாக மறுபடி எரிந்தது. ஹாரனை அழுத்தினால் தொண்டை கட்டியதுபோல் கரகரத்தது. ஹெட்லைட் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. வேம்பார் வருவதற்குள் எஞ்சின் இரண்டு முறை இருமி, மூன்றாவது முறை நின்றுவிட்டது. இரவு எட்டேகால் மணி. இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். செல்ஃபை அழுத்தினால் ரிலே மட்டும் டக் டக் என்றது.

என் வண்டி 2018-இல் வாங்கியது. 200 சிசி, கார்புரேட்டர் வண்டி, கிக்கர் கிடையாது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு தயாரானது என்பதால், விதிப்படி ஹெட்லைட்டை அணைக்கவும் சுவிட்ச் இல்லை. எஞ்சின் ஓடும்வரை விளக்கும் எரியும். தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்று பார்த்தால், ஸ்பார்க் வருவதற்கே பேட்டரியிலிருந்து கரண்ட் வேண்டும். பேட்டரி செத்தால் வண்டி வெறும் இரும்பு. மீன் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய ஒரு குட்டியானைக்காரர் நிறுத்தி, வண்டியைத் தூக்கிப் போட்டு, தூத்துக்குடி வரை கொண்டுவந்து சேர்த்தார். டீசலுக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டார். அவர் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டது இன்றைக்கும் உறுத்துகிறது.

மறுநாள் பேட்டரிக் கடையில், மூன்று வருடப் பேட்டரி, ஆயுள் முடிந்தது என்றார்கள். பழையதைக் கொடுத்துவிட்டுப் புது 9 ஏஎச் (ஆம்பியர்-அவர்) பேட்டரி போட்டேன். ஆறு வாரம் ஒரு குறையும் இல்லை. ஏழாவது வாரம் திருச்செந்தூரிலிருந்து இரவில் திரும்பும்போது அதே மஞ்சள் வெளிச்சம், அதே இருமல். இந்த முறை பட்டறையில் ஆர்ஆர் யூனிட்டை (பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) மாற்றினார்கள். அது மூன்று வாரம் தாக்குப்பிடித்தது. அடுத்ததாக, "அப்ப காயில்தான் போயிருக்கும், கழற்றி ரீவைண்டிங் பண்ணிரலாம்" என்றார்கள். அதுவரை மூவாயிரத்துச் சொச்சம் செலவாகியிருந்தது. மின்சாரம் உற்பத்தி செய்யும் அந்தக் காயிலைக் கழற்ற எஞ்சினின் இடப்பக்க மூடியைத் திறந்து, ஆயிலை வடித்து, கேஸ்கெட் மாற்ற வேண்டும். அந்தக் கட்டத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. பேட்டரி, ஆர்ஆர் யூனிட், காயில் என்று மூன்றையும் வரிசையாகக் குற்றம் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றையாவது யாரும் அளந்து பார்க்கவில்லை.

பட்டறைக்காரர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் நினைக்கவில்லை. பத்து வண்டி வரிசையில் நிற்கும்போது, பொருளை மாற்றிப் பார்ப்பதுதான் அவர்களுக்கு வேகமான சோதனை. ஆனால் சார்ஜிங் கோளாறில் அந்த வழி பெரும்பாலும் தவறான இடத்துக்கே கூட்டிப்போகும். புதுப் பேட்டரி போட்டால் எந்தக் கோளாறும் சில வாரத்துக்கு மறைந்துவிடும். நிரம்பிய குடத்தை வைத்துக்கொண்டால் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பது எப்படித் தெரியும்?

மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஓர் அண்ணாச்சி இருக்கிறார். முப்பது வருடம் விசைப்படகுகளின் டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் பார்த்தவர். உறவினர் ஒருவர் சொல்லி அவரிடம் போனேன். வண்டியைத் தொடவே இல்லை. முதலில் கேள்விதான்.

"எப்ப நிக்கி? கெளம்புன ஒடனேயா, தூரம் போன பொறவா?"

"தூரம் போன பிறகுதான் அண்ணாச்சி."

"பகல்லயா, ராத்திரியா?"

"எல்லாத் தடவையும் ராத்திரி."

"அப்ப எந்த சாமானும் வாங்காத. மீட்டர் வச்சிருக்கியா? இல்லன்னா ஒண்ணு வாங்கு. வோல்ட்டு எல்லா எடத்துலயும் இருக்கும் தம்பி. கரண்டு இழுக்கும்போது அந்த வோல்ட்டு நிக்குதான்னு பாக்கணும். அதத்தான் ஒருத்தனும் பாக்க மாட்டான்."

இந்தக் கட்டுரை முழுவதும் அவர் சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தைப் புரிந்துகொண்ட கதைதான்.

எங்கள் பெரியப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் அவரோடு பாத்திகளுக்கு நடுவே திரிந்திருக்கிறேன். வாய்க்காலின் மடை பாதி மண்ணடைத்துக் கிடக்கிறது என்று வையுங்கள். கீழே யாரும் தண்ணீர் எடுக்காதபோது, மடைக்கு மேலேயும் கீழேயும் நீர்மட்டம் ஒன்றாகத்தான் நிற்கும். பார்த்தால் அடைப்பு தெரியாது. கீழே பாத்திக்குத் திறந்துவிட்ட உடனேதான் மட்டம் சரசரவென்று இறங்கும். மேலே மட்டும் தளும்பிக்கொண்டு நிற்கும். வோல்ட் என்பது அந்த மட்டம். கரண்ட் என்பது ஓட்டம். ஓட்டம் இல்லாதபோது மட்டத்தைப் பார்த்து அடைப்பைக் கண்டுபிடிக்க முடியாது.

சரி, வண்டிக்குள் என்ன நடக்கிறது? எஞ்சினின் இடப்பக்க மூடிக்குள், கிராங்க் ஷாஃப்ட்டின் நுனியில், காந்தங்கள் பதித்த ஒரு இரும்புக் கிண்ணம் சுற்றுகிறது. மெக்கானிக்குகள் அதை மேக்னெட் என்பார்கள். அதற்குள்ளே அசையாமல் நிற்பது ஸ்டேட்டர் காயில். காந்தம் காயிலைக் கடக்கும்போதெல்லாம் கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டதற்கு மேல் இதில் புதிதாக ஒன்றும் இல்லை. என் வண்டியில் காயிலிலிருந்து மூன்று மஞ்சள் வயர்கள் வெளியே வருகின்றன. மூன்றிலும் வருவது ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். அதை ஒரே திசையில் ஓடும் டிசியாக மாற்றுவதும், 14 வோல்ட் சுமாருக்கு மேல் போகவிடாமல் பிடிப்பதும் ஆர்ஆர் யூனிட்டின் வேலை. அங்கிருந்து ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு வயர் பேட்டரிக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் போகிறது.

இங்கே கார்களிலிருந்து ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. காரின் ஆல்டர்னேட்டரில் காந்தமே ஒரு காயில்தான். அதற்குப் போகும் கரண்டைக் குறைத்தால் உற்பத்தியும் குறையும். பைக்கில் இருப்பது நிலைக் காந்தம். அதன் பலத்தைக் குறைக்க வழியில்லை. எஞ்சின் வேகமாகச் சுற்றினால் தேவையிருந்தாலும் இல்லாவிட்டாலும் மின்சாரம் வந்துகொண்டேதான் இருக்கும். அதனால் பல வண்டிகளில் இருக்கும் ஷன்ட் வகை ஆர்ஆர் யூனிட், மிச்சத்தை என்ன செய்கிறது தெரியுமா? காயிலின் முனைகளையே ஒன்றோடொன்று ஷார்ட் செய்து காயிலுக்குள்ளேயே திருப்பிவிடுகிறது. காயில் எப்போதும் ஏறக்குறைய முழுக் கரண்டைச் சுமந்துகொண்டுதான் ஓடுகிறது. எல்இடி பல்பு போட்டால் காயிலுக்குச் சுமை குறையும் என்று பலர் நம்புகிறார்கள். ஷன்ட் வகை வண்டியில் அது நடக்காது. விளக்கு தின்னாத கரண்ட் ஷார்ட் வழியாகக் காயிலுக்கே திரும்பும், அவ்வளவுதான். சுமை குறைய வேண்டுமானால் வழியைத் துண்டித்து நிறுத்தும் சீரிஸ் வகை யூனிட் வேண்டும்.

மீட்டர், அதாவது வோல்ட், கரண்ட், ரெசிஸ்டன்ஸ் எல்லாம் அளக்கும் மல்டிமீட்டர், நானூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கினேன். மலிவு மீட்டரில் ஒரு விஷயம்: உள்ளே இருக்கும் அதன் சொந்த பேட்டரி இறங்கிவிட்டால், காட்டும் எண் உண்மையைவிடக் கூடிவிடும். 14.9 காட்டுகிறது என்று பயந்துவிட்டு, மீட்டருக்குப் புதுப் பேட்டரி போட்டதும் 14.1 ஆனதை நண்பன் வீட்டில் பார்த்திருக்கிறேன். வேலையைத் தொடங்கும் முன் அந்த ஒன்பது வோல்ட் பேட்டரியை மாற்றிவிடுவது நல்லது.

முதலில் பேட்டரி. அது நிரம்பியிருக்கிறதா என்று தெரியாமல் மற்ற எதை அளந்தாலும் பொருள் இல்லை. வீட்டிலேயே சார்ஜரில் போட்டேன். 9 ஏஎச் பேட்டரி என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.9 ஆம்பியர், நிதானமான வேகம். கழற்றிய உடனே அளந்தால் 13.2. அதை நம்பக் கூடாது, அது மேல்பூச்சு. காலைவரை அப்படியே வைத்துவிட்டு மறுபடி அளந்தேன். 12.7. நல்ல ஈய அமிலப் பேட்டரி நிரம்பியிருந்தால் 12.6-க்கும் 12.8-க்கும் நடுவே நிற்கும். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12-க்குக் கீழே என்றால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். உள்ளே ஆறு செல்கள், ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல். எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பத்தரை வோல்ட்டிலேயே நின்றால் ஒரு செல் செத்துவிட்டது என்று பொருள்; அதைக் காப்பாற்ற முடியாது.

ஆனால் இதுவும் ஓட்டம் இல்லாத மட்டம்தானே? அதனால் வண்டியில் மாட்டி, மீட்டரைப் பேட்டரி டெர்மினலிலேயே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தேன். 10.3 வரை இறங்கி ஏறியது. 9.6-க்குக் கீழே சரிந்திருந்தால் பேட்டரியைச் சந்தேகப்படலாம். என் பேட்டரி நன்றாகவே இருந்தது. கடையில் கொடுத்துவிட்டு வந்த பழைய பேட்டரியை நினைத்துக்கொண்டேன். அதை யாரும் இப்படிச் சோதிக்கவில்லை. அதுவும் நல்ல பேட்டரியாகவே இருந்திருக்கலாம்.

அடுத்தது எஞ்சினை ஓடவிட்டு அளப்பது. ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஐடிலில் 12.8. 5,000 ஆர்பிஎம்மில் 13.1. ஆக்ஸிலரேட்டரை இன்னும் முறுக்கினாலும் அதற்கு மேல் போகவில்லை. 13.8-க்கும் 14.5-க்கும் நடுவே வர வேண்டிய இடம் அது. 15-ஐத் தாண்டினால் வேறு கதை: ஆர்ஆர் யூனிட் பிடிப்பை விட்டிருக்கும், பேட்டரி கொதிக்கும், அழுகிய முட்டை நாற்றம் வரும், பல்புகள் ஒவ்வொன்றாகப் போகும். என்னுடையது பட்டினி வகை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வண்டி நிற்காமல் ஓடினால் சார்ஜிங் சரி என்பார்கள். தயவுசெய்து யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள். மின்சாரத்தை வாங்கித் தாங்கிக்கொள்வதற்குப் பேட்டரி இல்லாத அந்த நொடியில் வோல்ட் எகிறும். ஆர்ஆர் யூனிட், ஸ்பார்க்கைக் கட்டுப்படுத்தும் சிடிஐ, மீட்டர் போர்டு, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியாக இருந்தால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் இசியு என்று எது வேண்டுமானாலும் போகலாம்.

அப்புறம் காயில். ரீவைண்டிங் செய்யச் சொன்ன அதே காயில். அதைச் சோதிக்க எஞ்சின் மூடியைத் திறக்கவே வேண்டாம். மூன்று மஞ்சள் வயர்களும் சேரும் கப்ளரை, அதாவது கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் இணைப்பை, பிரித்தாலே போதும். பிரித்ததும் முதலில் கண்ணையும் மூக்கையும் பயன்படுத்த வேண்டும். இந்த வகை வண்டிகளில் அடிக்கடி கருகும் இடம் இந்தக் கப்ளர்தான். வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகி, உருகி, பின் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். என்னுடையதில் லேசான பழுப்பு மட்டும். மீட்டரை ஏசி 200-க்கு மாற்றி, எஞ்சினை 5,000-இல் ஓடவிட்டு, இரண்டிரண்டு மஞ்சளாக அளந்தேன். 62, 61, 62. (இதில் கை படக் கூடாது, அறுபது வோல்ட் ஏசி நன்றாகவே உலுக்கும்.) எத்தனை வோல்ட் வர வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஆனால் மூன்றும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பது மாறாது. ஒன்று மட்டும் குறைந்தால் அந்தச் சுற்றில் கோளாறு. எஞ்சினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு மஞ்சளுக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவே தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. இருந்திருந்தால் கம்பியின் மேல் பூசிய வார்னிஷ் வெந்து, எர்த் அடிக்கிறது என்று பொருள்.

காயிலின் ரெசிஸ்டன்ஸும் (மின்தடை) அளந்தேன், 0.6 ஓம் காட்டியது. மீட்டர் வயரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.3 காட்டும் மீட்டர் அது. இவ்வளவு சிறிய ரெசிஸ்டன்ஸை மலிவு மீட்டரில் அளந்து காயிலுக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ஏசி வோல்ட்டைத்தான் நம்பினேன். காயில் நல்ல காயில்.

ஆர்ஆர் யூனிட் புதுசு. இருந்தாலும் மீட்டரின் டயோடு சோதனையில், கரண்ட் ஒரே திசையில் மட்டும் போகிறதா என்று வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு மஞ்சளிலிருந்தும் சிவப்புக்கு ஒரு திசையில் 0.5 சுமார், திருப்பிப் பிடித்தால் ஒன்றும் இல்லை. கறுப்புக்கும் அதேபோல். சரி.

பேட்டரி நல்லது, காயில் நல்லது, ஆர்ஆர் யூனிட் நல்லது. ஆனால் 13.1. வாங்கி மாற்றக்கூடிய பொருள் எல்லாமே தேறிவிட்டது. கடையில் விற்காத ஒன்றுதான் மிச்சம்: நடுவில் இருக்கும் வயர்.

ஆர்ஆர் யூனிட்டின் கப்ளரைப் பிரிக்காமல், பின்பக்கமாக இரண்டு குண்டூசிகளைச் சிவப்பிலும் கறுப்பிலும் நுழைத்தேன், ஒன்றோடொன்று தொடாமல். எஞ்சின் 5,000-இல் ஓடும்போது அந்த இரண்டுக்கும் நடுவே அளந்தேன். 14.4. அதே நேரத்தில் பேட்டரியில் 13.1. ஒரு மீட்டர் நீளம்கூட இல்லாத வழியில் 1.3 வோல்ட் காணவில்லை.

இந்த எண்ணைப் பார்த்ததும் எல்லாக் கேள்விக்கும் ஒரே நேரத்தில் பதில் வந்துவிட்டது. ஆர்ஆர் யூனிட் தன் வாசலில் இருக்கும் வோல்ட்டைத்தான் பார்க்கிறது. அங்கே 14.4 இருக்கிறது, போதும், பேட்டரி நிரம்பிவிட்டது என்று அது முடிவுசெய்து மிச்சத்தை ஷார்ட் பண்ணித் திருப்பிவிடுகிறது. மடைக்கு மேலே நின்று பார்ப்பவனுக்கு வாய்க்கால் தளும்பி நிற்கிறது. மடைக்குக் கீழே பாத்தி காய்கிறது. எத்தனை புது ஆர்ஆர் யூனிட் போட்டாலும் ஒவ்வொன்றும் இதே தவறான முடிவைத்தான் எடுக்கும். தவறு அதனுடையது இல்லை.

இனி அந்த 1.3 எந்தப் பக்கம் தொலைகிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு மீட்டரை பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே வைக்கக் கூடாது. ஒரே வயரின் இரண்டு முனைகளில் வைக்க வேண்டும். எனக்கு முதலில் இது விசித்திரமாகப் பட்டது, ஒரே வயரில் என்ன வோல்ட் இருக்கப்போகிறது என்று. ஆர்ஆர் யூனிட்டின் சிவப்பில் ஒரு முனை, பேட்டரியின் பிளஸ்ஸில் மறு முனை, எஞ்சின் ஓடுகிறது: 0.3. ஆர்ஆர் யூனிட்டின் கறுப்பில் ஒன்று, பேட்டரியின் மைனஸில் மற்றொன்று: 1.0. கூட்டினால் 1.3. நல்ல வயராக இருந்தால் ஒவ்வொரு பக்கமும் 0.2-ஐத் தாண்டக் கூடாது.

எஞ்சினை நிறுத்திவிட்டு அதே கறுப்பு வயரை மீட்டரின் பீப் சத்தத்தில் வைத்துப் பார்த்தேன். கணீரென்று அடித்தது. வயர் நல்லாயிருக்கு என்றது மீட்டர். பட்டறையில் யாராவது சோதித்திருந்தாலும் இப்படித்தான் சோதித்திருப்பார்கள். பீப் சோதனையில் மீட்டர் அனுப்புவது மில்லி ஆம்பியர் கணக்கில் ஒரு துளி கரண்ட். முப்பது இழையில் இருபத்தொன்பது அறுந்து ஒரே ஓர் இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் அது பாடும். எட்டு ஆம்பியரை அந்த ஓர் இழையில் அனுப்பினால் என்ன ஆகும் என்பதை அது சொல்லாது. அண்ணாச்சி சொன்னது இதைத்தான்.

டேங்கைக் கழற்றினேன். ஆர்ஆர் யூனிட்டிலிருந்து வரும் கறுப்பு வயர், சட்டத்தை ஒட்டி மேலே வந்து, வயரிங்குக்குள் மற்ற எர்த் வயர்களோடு சேர்கிறது. அங்கே எல்லாவற்றையும் ஒரு சிறிய தகட்டுக் கவ்வியில் அழுத்தி, டேப் சுற்றியிருந்தார்கள். அங்கிருந்து ஒரே ஒரு வயர் பேட்டரி மைனஸுக்குப் போகிறது. அந்த இடத்தில் மட்டும் டேப் விறைத்துப்போய், தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே செம்பு இல்லை, களிம்புதான். பச்சைக் களிம்பு. எங்கள் ஊரில் ஜன்னல் கம்பியையே தின்னும் காற்று இது. அதோடு வாரா வாரம் வாட்டர் வாஷ் வேறு கொடுத்துக்கொண்டிருந்தேன், வண்டியை நன்றாக வைத்துக்கொள்கிறேன் என்று நினைத்து. அந்த அழுத்தத் தண்ணீர் டேங்குக்கு அடியில் புகுந்து, டேப்புக்குள் உப்போடு தங்கியிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டு ஆம்பியர் ஓடும்போது ஒரு வோல்ட் தொலைகிறது என்றால், அந்த இணைப்பின் ரெசிஸ்டன்ஸ் ஓர் ஓமில் எட்டில் ஒரு பங்கு. மலிவு மீட்டரில் தெரியவே தெரியாத அளவு. ஆனால் அங்கே எட்டு வாட் சூடு உண்டாகிறது. இண்டிகேட்டர் பல்பு பத்து வாட். கிட்டத்தட்ட ஓர் இண்டிகேட்டர் பல்பை டேப்புக்குள் சுற்றி எரியவிட்டதுபோல. சூடு ஏற ஏற இணைப்பு இன்னும் கெடும், ரெசிஸ்டன்ஸ் கூடும், இன்னும் சூடு. எஞ்சினை இருபது நிமிடம் ஓடவிட்டு மறுபடி அளந்தபோது பேட்டரியில் 12.3 மட்டுமே இருந்தது. ஹெட்லைட் மட்டுமே 55 வாட், அதாவது நாலரை ஆம்பியருக்கு மேல். இக்னிஷன், டெயில் லேம்ப், மீட்டர் போர்டு எல்லாம் அதற்கு மேல். வருவதைவிடப் போவது கூட. குறைகிற ஒவ்வொரு ஆம்பியரையும் பேட்டரி தன் கையிலிருந்து போட்டுக்கொண்டே வந்திருக்கிறது. தூரம் போன பிறகுதான், இரவில்தான் என்று அண்ணாச்சி கேட்டுத் தெரிந்துகொண்டது இதற்காக. பகலில் பக்கத்தில் ஆபீஸுக்குப் போய்வருவதில் இணைப்பு சூடாவதற்குள் வண்டி நின்றுவிடும். புதுப் பேட்டரி சமாளித்துக்கொள்ளும்.

சரிசெய்வது ஒரு மதிய வேலை. களிம்பேறிய இடத்தை வெட்டியபோது, செம்பில் படிந்த கறுப்பு நிறம் இன்சுலேஷனுக்குள்ளே மூன்று சென்டிமீட்டர் வரை ஏறியிருந்தது. செம்பு பளபளப்பாகத் தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். கறுத்த கம்பியில் ஈயம் ஒட்டாது. வயர்களைப் புதுக் கவ்வியில் அழுத்தி, ஈயப் பற்று வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டேன். அதை மட்டும் நம்ப மனம் வராமல், ஆர்ஆர் யூனிட்டின் கறுப்பிலிருந்து பேட்டரி மைனஸுக்கு நேராக 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் ஒன்றும் இழுத்தேன். சிவப்புப் பக்கத்து 0.3-க்குக் காரணம் ஃபியூஸ் ஹோல்டர்; உள்ளே கவ்வும் தகடு தளர்ந்து பழுப்பேறியிருந்தது. ஹோல்டரையே மாற்றினேன், ஃபியூஸ் அதே 20 ஆம்பியர். ஃபியூஸ் சூடாகிறது என்று பெரிய ஃபியூஸ் போடும் தவறை மட்டும் செய்யக் கூடாது, வயர்தான் எரியும். வயர், ஸ்லீவ், ஹோல்டர் எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது.

வேறு ஒரு வகைக் கோளாறையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலரும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஓட்டும்போது நன்றாக இருந்து, நான்கு நாள் நிறுத்திவைத்தால் மட்டும் பேட்டரி இறங்குகிறது என்றால் சார்ஜிங்கைத் தேட வேண்டாம். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி மைனஸ் வயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை ஆம்பியரில் வைத்துப் பாருங்கள். முதலில் 10 ஆம்பியர் துளையில், அப்புறம் சிறியதில். சில மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. 50 மில்லி ஆம்பியர் கசிந்தால் 5 ஏஎச் பேட்டரியை நூறு மணி நேரத்தில் காலி செய்துவிடும், அதாவது நான்கு நாளில். பெரும்பாலும் பிறகு வாங்கி மாட்டிய அலாரமோ மொபைல் சார்ஜரோ காரணமாக இருக்கும். ஆர்ஆர் யூனிட்டுக்குள் ஒரு டயோடு கசிந்தாலும் இப்படி ஆகும்.

எல்லாம் மாட்டி, எஞ்சினை ஸ்டார்ட் செய்து 5,000-இல் வைத்தேன். ஆர்ஆர் யூனிட்டில் 14.4. பேட்டரியில் 14.2. மறுநாள் அண்ணாச்சியிடம் போய் எண்களை ஒப்பித்தேன். பழைய கவ்வியையும் கொண்டுபோய்க் காட்டினேன். விரலால் தேய்த்துப் பார்த்தார். பச்சை விரலில் ஒட்டியது.

"சரிதான். சூடான பொறவு பாத்தியா?"

பார்க்கவில்லை. வேலை முடிந்த சந்தோஷத்தில் குளிர்ந்த வண்டியில் அளந்ததோடு விட்டிருந்தேன்.

அன்று இரவு ஹை பீம் போட்டுக்கொண்டு தருவைகுளம் வரை போய்த் திரும்பினேன். வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்தாமலே பக்கவாட்டு மூடியைக் கழற்றி, மனைவி டார்ச் பிடிக்க, மீட்டரை வைத்தேன். 14.1. எஞ்சினை அணைத்த பிறகு டேங்குக்கு அடியில் கையை விட்டு ஸ்லீவ் போட்ட இடத்தைத் தேடித் தொட்டேன். பக்கத்து வயர்களைப் போலவே இருந்தது.